நெல்வயலில் கிளம்பும் மீத்தேன் எங்கே போகுது? காற்றைச் சுத்தம் செய்யும் 'ஹைட்ராக்சில்' பற்றி தெரியுமா?

மீத்தேன் என்றாலே டெல்டா மக்களுக்கு நினைவுக்கு வருவது, அதை நிலத்தடியிலிருந்து எடுக்கும் திட்டத்துக்கு எதிரான போராட்டங்கள்தான். ஆனால் குழாய் எதுவும் இறக்காமலேயே மீத்தேன் வெளியேறும் இடம் ஒன்று உண்டு. அது தண்ணீர் கட்டிய நெல்வயல்.

எப்படி உருவாகிறது?

திருப்பனந்தாள் பகுதியில் குறுவை, சம்பா பருவங்களில் வயலில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது சேற்றுக்குள் ஆக்சிஜன் போகாது. அங்கே மக்கும் வைக்கோல், வேர்களிலிருந்து நுண்ணுயிரிகள் மீத்தேனை உருவாக்குகின்றன. அதில் பெரும்பகுதி நெற்பயிரின் தண்டு வழியாகவே வெளியே வந்துவிடும்.

ஹைட்ராக்சில்னா என்ன?

ஒரு ஆக்சிஜன் அணு, ஒரு ஹைட்ரஜன் அணு. அவ்வளவுதான். சூரியனின் புற ஊதாக் கதிர் ஓசோனை உடைக்கும். அதிலிருந்து வரும் ஆக்சிஜன் அணு நீராவியுடன் மோதும்போது ஹைட்ராக்சில் பிறக்கிறது. ஆயுள் ஒரு நொடிகூட கிடையாது. தரைமட்டக் காற்றில் சராசரியாக 25 லட்சம் கோடி மூலக்கூறுகளுக்கு ஒன்றுதான் இருக்கும். ஆனாலும் காற்றில் கலக்கும் பல வாயுக்களை அழிப்பது இதுதான். 1971-ல் விஞ்ஞானி ஹிரம் லெவி இதை எடுத்துச் சொன்னார்.

மீத்தேனுக்கு மட்டும் ஏன் தாமதம்?

ஹைட்ராக்சில், எதிர்ப்படும் வாயுவிடமிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொண்டு தண்ணீராக மாறிவிடும். மீத்தேனில் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு ரொம்ப வலுவானது, சீக்கிரம் விட்டுக்கொடுக்காது. 25 டிகிரி செல்சியஸில் மீத்தேனைவிட ஈத்தேன் சுமார் 40 மடங்கும், சமையல் கேஸில் உள்ள புரொப்பேன் சுமார் 170 மடங்கும் வேகமாக வினைபுரியும்.

காற்றில் எவ்வளவு காலம் இருக்கும்?

- புரொப்பேன்: சுமார் 2 வாரம்
- ஈத்தேன்: சுமார் 2 மாதம்
- மீத்தேன்: 9 முதல் 10 ஆண்டுகள்

டெல்டா வெயில் உதவுமா?

உதவும். வெயிலும் ஈரப்பதமும் அதிகமுள்ள வெப்பமண்டலத்தில்தான் ஹைட்ராக்சில் அதிகம். 0 டிகிரியில் இருப்பதைவிட 25 டிகிரியில் மீத்தேன் வினையும் சுமார் 1.7 மடங்கு வேகம். ஆனால் மீத்தேன் வயலுக்கு மேலேயே நிற்காது. அழிவதற்குள் காற்றோடு உலகம் முழுக்கப் பரவிவிடும்.

விவசாயி என்ன செய்யலாம்?

'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறைதான் வழி. எப்போதும் தண்ணீர் கட்டாமல், வயலை இடையிடையே காயவிட்டுப் பாய்ச்சினால் சேற்றுக்குள் ஆக்சிஜன் போகும், மீத்தேன் கணிசமாகக் குறையும், தண்ணீரும் மிச்சமாகும். நைட்ரஸ் ஆக்சைடு என்ற வேறொரு வாயு கூடலாம் என்பதால் யூரியாவை அளவோடு போடுவது அவசியம்.

20 ஆண்டு கணக்கில் பார்த்தால், மீத்தேன் அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஆனால் அதன் ஆயுள் குறைவு. இன்று வயலில் குறைப்பதன் பலன், 10 ஆண்டுகளுக்குள்ளேயே காற்றில் தெரிய ஆரம்பிக்கும்.