வேகம் குறைந்தது, வேலை கூடியது

2005 வரை கம்ப்யூட்டர் வாங்கப் போனவர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்டது, "எத்தனை கிகாஹெர்ட்ஸ்?" என்பதுதான். எண் பெரிதாக இருந்தால் மெஷின் நல்லது என்று முடிவு கட்டிவிடுவோம். 2006-ல் அந்தக் கணக்கு தலைகீழாகப் போனது.

ஒரு கிகாஹெர்ட்ஸ் என்றால், பிராசஸர் நொடிக்கு 100 கோடி முறை துடிக்கிறது என்று அர்த்தம். இன்டெல் கம்பெனியின் பெண்டியம் 4, 2000 நவம்பரில் 1.5 கிகாஹெர்ட்ஸில் வந்தது. நான்கே வருஷத்தில் 3.8-ஐத் தொட்டது. அடுத்தது 4 என்றார்கள். ஆனால் 2004 அக்டோபரில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள். காரணம் சூடு. துடிப்பைக் கூட்ட வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். மின்சாரச் செலவோ அதைவிட வேகமாக ஏறும். அவ்வளவும் நகத்தளவு சில்லுக்குள் வெப்பமாக மாறும்.

லாரித் தொழில் பார்த்த நாமக்கல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே வண்டியை 120-ல் விரட்டினால் டீசலும் போகும், இன்ஜினும் போகும். சரக்கைப் பிரித்து இரண்டு வண்டியில் நிதானமாக அனுப்புவதுதான் தொழில்.

பிராசஸர்காரர்களும் அதையே செய்தார்கள். ஒரு சில்லுக்குள் இரண்டு 'கோர்' வைத்தார்கள். 2005 மே மாதம் இன்டெல்லின் பெண்டியம் டி, ஏஎம்டியின் அத்லான் 64 எக்ஸ்2 இரண்டும் வந்தன. பெண்டியம் டி-யில் பழைய சூடு போகவில்லை; அதன் பெரிய மாடலுக்கு 130 வாட்.

2006 ஜூலை 27-ல் வந்த கோர் 2 டுவோதான் நிலைமையை மாற்றியது. இஸ்ரேலின் ஹைஃபா நகரப் பொறியாளர்கள், பேட்டரியை மிச்சப்படுத்த லேப்டாப்புக்காகச் செய்த வடிவத்திலிருந்து வளர்த்தெடுத்தது அது. 2.4 கிகாஹெர்ட்ஸ் மாடல், 3-க்கு மேல் ஓடிய பெண்டியம் டி-யை முந்தியது. அதற்கு 65 வாட்தான்.

நமக்கு அந்த வாட் கணக்குதான் முக்கியம். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறை. 2008-க்குப் பிறகு வந்த மின்வெட்டு, 2012-ல் பகலில் பல மணி நேரம் நீண்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். கரண்ட் போனதும், சிக்கனமான பிராசஸர் இருந்தால் யுபிஎஸ் கூடுதலாகச் சில நிமிஷம் தாங்கும். எழுதியதை சேவ் செய்ய அது போதும்.

ஆனால் கோர் இரண்டானதால் எல்லா வேலையும் பாதி நேரத்தில் முடிந்துவிடாது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இரண்டு சேர்ந்து ஒரே போரைப் போட முடியுமா? இரண்டு தோட்டம் இருந்தால் ஆளுக்கு ஒன்று போடலாம். வேலையைப் பிரித்துக் கொடுக்கும்படி புரோகிராம் எழுதினால்தான் பலன். அதற்குப் பல வருஷம் ஆயிற்று.

இந்தக் குடும்பத்தில் நம் பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் பங்கு உண்டு. 2008 செப்டம்பரில் சர்வர்களுக்காக வந்த ஆறு கோர் ஸியான் 7400, இன்டெல்லின் பெங்களூரு அலுவலகத்தில் வடிவமைக்கப்பட்டது. அதில் 190 கோடி டிரான்சிஸ்டர்கள்.

இன்று உங்கள் கையிலிருக்கும் போனில் எட்டு கோர் இருக்கலாம். அத்தனை இருந்தும் அது சட்டைப் பையைச் சுடவில்லை என்றால், அன்று வேகப் பந்தயத்தை நிறுத்தியதுதான் காரணம்.