பாம்பன் பாலம் சொன்ன பாடம்



வகுப்பில் கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடித்துக் காட்டுவேனே, நினைவிருக்கிறதா? ஒரு தடவை வளைத்தால் ஒடியாது. திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துவிடும். அதுதான் உலோகக் களைப்பு. நம்ம வெள்ளகோவில் தறிக்குடோனில் நேற்றுவரை ஓடிய சாஃப்ட் இன்று திடீரென்று முறிவதும் பெரும்பாலும் இதனால்தான்.

1842-ல் பிரான்ஸில் வெர்சாய் அருகே ரயில் எஞ்சினின் அச்சு இப்படி முறிந்து, ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். பின்னாளில் ஜெர்மனியின் வோலர் என்ற பொறியாளர், அச்சுகளை ஆண்டுக்கணக்கில் சுழற்றிப் பார்த்து, எவ்வளவு சுமைக்கு எத்தனை சுற்றில் முறியும் என்று கணக்குப் போட்டார்.

நம்ம நாட்டுக் கதை பாம்பன். 1914-ல் திறந்த பாலம். 1964 புயல் சிதைத்தபோது ஸ்ரீதரன் குழு 46 நாளில் சரிசெய்தது. ஆனால் கப்பலுக்குத் திறக்கும் ஷெர்சர் தூக்குப்பாலத்தை உப்புக்காற்றும் ரயில் பாரமும் நூறாண்டாகத் தின்றன. ஐஐடி மெட்ராஸ் அதில் சென்சார்கள் பொருத்தியது. 2022 டிசம்பரில் ரயில் நின்றது. சலித்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். பிறகுதான் உறைத்தது: உடைந்து விழுமுன்னே அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். 2025 ஏப்ரலில் புதுப்பாலம் வந்தது.

இப்போது முடி போன்ற கண்ணாடி இழையைப் பாலங்களில் ஒட்டி ஒளி அனுப்புகிறார்கள். இரும்பு துளி நீண்டாலும் திரும்பிவரும் ஒளி மாறிக் காட்டிக்கொடுக்கும்.

தறி ஓட்டும் கண்ணுகளா, சாஃப்டில் முடியளவு கீறல் தெரிந்தாலும் ‘இந்தப் பாவு முடியட்டும்’ என்று விட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்