நாற்பதாயிரம் டாலர் வாக்குறுதி

2019 நவம்பரில் டெஸ்லா சொன்ன விலை 39,900 டாலர். 2021 மே மாதம் ஃபோர்டு சொன்னது 39,974. 2022 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் செவர்லே சில்வராடோவுக்குக் குறித்தது மறுபடியும் 39,900. மின்சாரத்தில் ஓடும் பிக்கப் வண்டிக்கு அமெரிக்காவின் மூன்று பெரிய நிறுவனங்கள் இரண்டரை ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ ஒரே தொகையை அறிவித்தன. டெஸ்லாவும் செவர்லேயும் அந்த விலையில் ஒரு வண்டியைக்கூட விற்கவில்லை. ஃபோர்டு சில மாதங்கள் விற்றது. பிறகு அதுவும் விலையை ஏற்றிவிட்டது.

தச்சுவேலை செய்பவர், குழாய் பதிப்பவர், சிறு ஒப்பந்தக்காரர், பண்ணை நடத்துபவர் ஆகியோர் கணக்குப் போட்டு வாங்கக்கூடிய விலை அது. ஃபோர்டு வண்டிக்கு மத்திய அரசின் 7,500 டாலர் வரிச் சலுகையும் அப்போது இருந்தது. அதைக் கழித்தால் சாதாரண பெட்ரோல் பிக்கப்பின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அந்தத் தொகை எப்படிக் கைநழுவிப் போனது என்பதுதான் மின்சாரப் பிக்கப்பின் இதுவரையிலான வரலாறு.

பிக்கப் பிறந்ததே மலிவு வண்டியாகத்தான். அமெரிக்க விவசாயிகள் காரை வாங்கி, அதன் பின்பகுதியில் உள்ளூர்ப் பட்டறையில் ஒரு பெட்டியை அடித்துப் பொருத்திக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. 1925இல் ஃபோர்டு அந்த வேலையைத் தானே செய்து, மாடல் டி காரைத் திறந்த பெட்டியோடு 281 டாலருக்கு விற்றது. 1948இல் எஃப் வரிசை வண்டிகள் வந்தன. 1977 முதல் அமெரிக்காவில் அதிகம் விற்கும் பிக்கப் அந்த வரிசைதான்.

காலப்போக்கில் வண்டியின் குணம் மாறியது. இரண்டு கதவுகள் நான்காகின, தோல் இருக்கைகள் வந்தன, முன்பக்கம் உயர்ந்தது. வேலைக்குப் போன வண்டி குடும்ப வண்டியாகவும் அந்தஸ்தின் அடையாளமாகவும் ஆனது. டெட்ராய்ட் நிறுவனங்களின் லாபத்தில் பெரும்பங்கு அதிலிருந்தே வந்தது. பெரிய பிக்கப் ஒன்றை வாங்க மக்கள் கொடுக்கும் சராசரி விலை இப்போது 60,000 டாலரைத் தாண்டிவிட்டது.

இந்த லாபத்துக்குக் காவலாக நின்றது ஒரு கோழிச் சண்டை. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பண்ணைக் கோழிகள் மலிவாக ஐரோப்பாவில் குவிந்தன. மேற்கு ஜெர்மனியும் பிரான்ஸும் இருந்த ஐரோப்பியப் பொதுச் சந்தை அவற்றின் மீது வரியை உயர்த்தியது. பதிலடியாக 1963 டிசம்பரில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, இலகுரக டிரக் ஆகிய நான்குக்கும் 25 சதவீத வரி விதித்தார். மற்ற மூன்றின் வரிகளும் பின்னாளில் போய்விட்டன. டிரக் மீதான வரி மட்டும் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் நீடிக்கிறது.

ஜப்பானிய நிறுவனங்கள் சிறிது காலம் இதற்கு வழி கண்டுபிடித்தன. பின்பெட்டி இல்லாத வண்டியாகக் கொண்டுவந்து துறைமுகத்தில் பெட்டியைப் பொருத்தின. சுபாரு தன் பிராட் வண்டியின் பின்பெட்டிக்குள் இரண்டு இருக்கைகளைப் பற்றவைத்து, அதைப் பயணிகள் வாகனம் என்று காட்டியது. வழிகள் அடைபட்ட பிறகு, அமெரிக்காவில் பிக்கப் விற்க வேண்டுமானால் வட அமெரிக்காவில் ஆலை போட்டாக வேண்டும் என்ற நிலை உறுதியானது. வெளியிலிருந்து மலிவு வண்டி வந்து விலையைக் கீழே இழுக்கும் வாய்ப்பு அதோடு போயிற்று.

மின்சாரப் பிக்கப்புகள் 1990களிலேயே ஓடியிருக்கின்றன. பெரிய நிறுவனங்கள் விற்கும் வண்டிகளில் 2 சதவீதம் 1998க்குள் புகையற்றவையாக இருக்க வேண்டும் என்று 1990இல் கலிபோர்னியாவின் காற்றுவள வாரியம் ஆணையிட்டது. செவர்லே எஸ்-10 வண்டியின் மின்சார வடிவம் அதனால் வந்தது. மொத்தம் 492 வண்டிகள். ஃபோர்டு ரேஞ்சரின் மின்சார வடிவம் 1998 முதல் 2002 வரை சுமார் 1,500 உருவாகியது. மின்வாரியங்களுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் பெரும்பாலும் குத்தகையாகவே அவை போயின. ஆணை தளர்த்தப்பட்டதும் நிறுவனங்கள் வண்டிகளைத் திரும்பப் பெற்று நசுக்கத் தொடங்கின. தங்களிடம் இருந்த ரேஞ்சர்களைக் கொடுக்க மறுத்துச் சிலர் 2005இல் சாக்ரமெண்டோவில் போராடியதும், ஃபோர்டு இறங்கிவந்து அவற்றை அவர்களுக்கே விற்றது. வண்டியை ஓட்டிப் பழகியவர்கள் அதை விட மறுத்தார்கள் என்ற இந்தச் செய்தியை அடுத்த பதினைந்து ஆண்டுகள் டெட்ராய்ட் பொருட்படுத்தவில்லை.

இரண்டாவது சுற்றில் முந்தியது ஒரு புது நிறுவனம். ஆர்.ஜே. ஸ்காரிஞ்ச் 2009இல் தொடங்கிய ரிவியன், இல்லினாய் மாநிலத்தின் நார்மல் நகரில் மிட்சுபிஷி மூடிவிட்டுப்போன ஆலையை வாங்கியது. 2018இல் ஆர்1டி பிக்கப்பைக் காட்டியது. அமேசான் தலைமையில் 70 கோடி டாலரும், ஃபோர்டிடமிருந்து 50 கோடி டாலரும் அடுத்த ஆண்டே வந்து சேர்ந்தன. 2021 செப்டம்பரில் முதல் வண்டி ஆலையைவிட்டு வெளியேறியது. நவம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தபோது, அதுவரை டெலிவரி கொடுத்திருந்த வண்டிகள் மிகச் சில, அவையும் பெரும்பாலும் சொந்த ஊழியர்களுக்கு. ஆனாலும் முதல் நாளிலேயே ரிவியனின் சந்தை மதிப்பு ஃபோர்டை முந்தியது.

2022 மார்ச் 1 அன்று ரிவியன் விலையை ஏற்றியது. 67,500 டாலர் ஆர்1டி, 79,500 ஆனது. ஏற்கெனவே முன்பதிவு செய்து மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கும் அதே புதிய விலை. வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்து முன்பதிவை ரத்து செய்யத் தொடங்கினார்கள். இரண்டே நாளில் ஸ்காரிஞ்ச் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதி, பழைய முன்பதிவுகளுக்குப் பழைய விலையே என்று அறிவித்தார். வாக்குக் காப்பாற்றப்பட்டது, ஆனால் அதன் சுமை கணக்கேட்டில் ஏறியது. 2023 இறுதியிலும் ரிவியன் டெலிவரி கொடுத்த ஒவ்வொரு வண்டியிலும் சராசரியாக 40,000 டாலருக்கு மேல் இழந்துகொண்டிருந்தது.

ஃபோர்டின் கதை இதைவிட முக்கியமானது, ஏனெனில் அது நாட்டில் அதிகம் விற்கும் பிக்கப்பையே மின்சாரமாக்கியது. 2021 மே மாதம் எஃப்-150 லைட்னிங் டியர்பார்னில் அறிமுகமானது. அதற்கு முந்தைய நாள் குடியரசுத் தலைவர் ஜோ பைடன் ரூஜ் ஆலைக்கு வந்து அதை ஓட்டிப்பார்த்தார். லைட்னிங் உழைப்பவரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட வண்டி. உயர்ரக வண்டிகளில் 9.6 கிலோவாட் மின்சாரத்தை வெளியே எடுக்கலாம். கட்டடம் கட்டும் இடத்தில் ரம்பத்தையும் வெல்டிங் கருவியையும் வண்டியிலிருந்தே ஓட்டலாம். உரிய கருவியைப் பொருத்திவிட்டால் புயலில் மின்சாரம் போனாலும் வீட்டுக்கு விளக்கெரியும். எஞ்சின் இருந்த இடத்தில் பூட்டிவைக்கக்கூடிய பெரிய பெட்டி. ஏழே மாதத்தில் 2 லட்சத்தை நெருங்கும் முன்பதிவுகள் குவிந்தன. மேற்கொண்டு வாங்காமல் ஃபோர்டு பதிவை நிறுத்திவைத்தது. ஆண்டுக்கு 1,50,000 வண்டிகள் என்று திட்டத்தை இரட்டிப்பாக்கியது.

2022 ஏப்ரலில் உற்பத்தி தொடங்கியது. ஆகஸ்டில் அடிப்படை விலை 46,974 ஆனது. அக்டோபரில் 51,974. டிசம்பரில் 55,974. 2023 மார்ச்சில் 59,974. பதினோரு மாதத்தில் சரியாக 20,000 டாலர் ஏற்றம். போதாக்குறைக்குச் சில டீலர்கள் பட்டியல் விலைக்கு மேலும் தங்கள் பங்குக்கு ஆயிரக்கணக்கில் கேட்டார்கள். ஃபோர்டு அவர்களை எச்சரிக்க வேண்டியதாயிற்று.

இந்த ஏற்றத்துக்குப் பேட்டரிதான் முதல் காரணம். சீனச் சந்தையில் லித்தியம் கார்பனேட் விலை 2022 நவம்பர் வாக்கில் டன்னுக்கு 6 லட்சம் யுவானை நெருங்கியது. அதன் சுமை சிறிய காரைவிடப் பிக்கப்பின் மீதே அதிகம் விழும். உயரமான, சதுர முகம் காற்றைக் கிழித்துப் போவதற்கே மின்சாரத்தைத் தின்னும். பின்னால் கனமான டிரெய்லரைக் கட்டினால் ஒரு சார்ஜில் போகும் தூரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். அதனால் பேட்டரியைப் பெரிதாக்குகிறார்கள். பேட்டரி பெரிதானால் எடை கூடுகிறது, எடையைத் தாங்கச் சட்டகம் கனக்கிறது, விலை ஏறுகிறது. லைட்னிங்கின் சிறிய பேட்டரியே 98 கிலோவாட் மணி, பெரியது 131.

ஜெனரல் மோட்டார்ஸ் இந்தப் பாதையில் கடைசிவரை போனது. 2021 டிசம்பரில் அது டெலிவரி கொடுக்கத் தொடங்கிய ஜிஎம்சி ஹம்மரின் முதல் பதிப்பு 1,12,595 டாலர். வண்டியின் எடை நான்கு டன்னுக்கு மேல். பேட்டரி மட்டுமே சுமார் 1,300 கிலோ. பிறகு வந்த சில்வராடோ ஒரு சார்ஜில் 400 மைலுக்கு மேல் ஓடியது. பொறியியலில் அது பெரிய சாதனை. ஆனால் 39,900 டாலருக்குச் சொல்லப்பட்ட வேலைக்கான வடிவம் 2023இல் வெளிவந்தபோது அதன் விலை 70,000 டாலரைத் தாண்டியிருந்தது.

டெஸ்லாவின் சைபர்டிரக்குக்கு 100 டாலர் கட்டினால் முன்பதிவு. அவை பத்து லட்சத்துக்கு மேல் போய்விட்டதாக எலான் மஸ்க் சொன்னார். 2023 நவம்பர் 30 அன்று ஆஸ்டினில் முதல் வண்டிகள் கைமாறியபோது அறிவித்த விலைகள் 60,990, 79,990, 99,990. அவற்றிலும் மிக மலிவானது 2025க்குத்தான் என்றார்கள். 79,990 என்ற எண்ணைக் கவனிக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் வந்த பணவீக்கக் குறைப்புச் சட்டம் 7,500 டாலர் சலுகைக்குப் போட்ட பல நிபந்தனைகளில் ஒன்று, பிக்கப்பின் விலை 80,000 டாலரைத் தாண்டக் கூடாது என்பது. விலைகள் சட்டத்தின் கூரையை ஒட்டியே கட்டப்பட்டன. உற்பத்தி ஆண்டுக்கு 2,50,000 வரை எட்டும் என்று மஸ்க் சொல்லியிருந்தார். 2025 மார்ச்சில் வெளிப்புறத் தகடு கழன்றுவிழும் குறைக்காக, அதுவரை உருவான சைபர்டிரக்குகளில் ஏறக்குறைய அனைத்தையும் டெஸ்லா திரும்ப அழைத்தது. அந்த எண்ணிக்கை 46,096. பதினைந்து மாத உற்பத்தி அவ்வளவுதான் என்று நாட்டுக்கு அன்றுதான் தெரிந்தது.

போட்டியில் வீழ்ந்தவர்களில் லார்ட்ஸ்டவுன் மோட்டார்ஸ் கதை வலிக்கக்கூடியது. ஒஹாயோவின் லார்ட்ஸ்டவுனில் ஜெனரல் மோட்டார்ஸ் 2019இல் மூடிய ஆலையை வாங்கி, 52,500 டாலருக்கு எண்டியூரன்ஸ் பிக்கப்பைச் செய்வதாக அது சொன்னது. வேலையிழந்த ஊர் நம்பியது. சில பத்து வண்டிகளோடு உற்பத்தி நின்றது. 2023 ஜூனில் நிறுவனம் திவால் மனு போட்டது.

2023இல் காற்று திசை மாறியது. லித்தியம் விலை சரிந்தது, டெஸ்லா தன் கார்களின் விலையை அடித்துக் குறைத்தது, கடன் வட்டி ஏறி வாங்குபவர்கள் தயங்கினார்கள். ஜூலையில் ஃபோர்டு லைட்னிங்கின் விலையை ஒரே நாளில் 59,974லிருந்து 49,995க்குக் கொண்டுவந்தது. ஆனால் காத்திருந்தவர்களில் பலர் அதற்குள் பெட்ரோல் வண்டிக்குப் போய்விட்டார்கள். 2024இல் 33,510 லைட்னிங்குகள் விற்றன. அதே ஆண்டு எஃப் வரிசை மொத்தம் 7 லட்சத்துக்கு மேல். ஃபோர்டின் மின்சார வாகனப் பிரிவு 2023இல் 470 கோடி டாலரும் 2024இல் 510 கோடி டாலரும் நட்டம் கண்டது. ரூஜ் ஆலையில் ஷிப்டுகள் குறைக்கப்பட்டன.

எல்லைக்கு அப்பால் வேறொரு காட்சி நடந்தது. 2024 மே மாதம் சீனாவின் பிஒய்டி, ஷார்க் என்ற சார்ஜ் ஏற்றக்கூடிய ஹைபிரிட் பிக்கப்பை மெக்சிகோவில் 8,99,980 பெசோவுக்கு இறக்கியது. அதே மாதம் சீன மின்சார வாகனங்களுக்கு 100 சதவீத வரி என்று வாஷிங்டன் அறிவித்தது. கோழி வரியின் மதிலுக்கு மேல் இன்னொரு மதில்.

2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் 7,500 டாலர் சலுகையைச் செப்டம்பர் 30 உடன் முடித்துவைத்தது. அதே செப்டம்பரில் ராம் என்ற பிக்கப் நிறுவனம் தன் மின்சாரப் பிக்கப்பை விற்பனைக்கு வருமுன்பே கைவிட்டது. டிசம்பர் 15 அன்று ஃபோர்டு லைட்னிங் உற்பத்தியை முடித்துக்கொள்வதாகவும், அடுத்த தலைமுறையில் பெட்ரோல் ஜெனரேட்டர் இருக்கும் என்றும் சொன்னது. மின்சாரத் திட்டங்களைத் திருத்தியமைப்பதற்காக அது கணக்கில் எழுதப்போவதாகச் சொன்ன தொகை 1,950 கோடி டாலர்.

ஆனால் அதே 2025இல் இரண்டு நிறுவனங்கள் கணக்கைக் கீழேயிருந்து போடத் தொடங்கின. ஜெஃப் பெசோஸின் முதலீடு பெற்ற ஸ்லேட், வண்ணம் பூசாத, ஸ்பீக்கர் இல்லாத, கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்கும் இரட்டை இருக்கைப் பிக்கப்பைக் காட்டியது. பேட்டரி 52.7 கிலோவாட் மணி, ஓடும் தூரம் 150 மைல். சலுகை போக 20,000 டாலருக்குள் என்றார்கள். சலுகை போனதும் அந்தப் பேச்சை நிறுத்தி, இருபதாயிரங்களின் நடுவில் இருக்கும் என்று மாற்றிக்கொண்டார்கள். ஆகஸ்டில் ஃபோர்டின் தலைமை நிர்வாகி ஜிம் ஃபார்லி, லூயிவில் ஆலையில் 2027இல் சுமார் 30,000 டாலருக்கு நடுத்தர அளவு மின்சாரப் பிக்கப் வரும் என்று அறிவித்தார். விலை குறைந்த இரும்பு பாஸ்பேட் பேட்டரி, குறைவான உதிரிபாகங்கள், சிறிய உடல். ஆறு ஆண்டுகளில் நிறுவனங்கள் தூரத்திலும் வேகத்திலும் எடையிலும் போட்டியிட்டன. விலையில் போட்டியிடும் முயற்சி இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

அந்த முயற்சி சரியான திசையில் இருக்கிறது. ஆனால் வாங்குபவர்கள் ஏற்கெனவே மூன்று முறை ஒரு விலையைக் கேட்டு, வேறு விலையைப் பார்த்திருக்கிறார்கள். ஃபோர்டும் ஸ்லேட்டும் இம்முறை மேடையில் சொன்ன எண்ணையே பில்லிலும் எழுத வேண்டும். வண்டியை வைத்துப் பிழைக்கும் தச்சரும் விவசாயியும் 2019இலிருந்து அதற்காகக் காத்திருக்கிறார்கள்.