தோம்பு: காணிக்கு எழுதிய கணக்கில் குடும்பம் வந்த கதை

ஈழத்துத் தமிழில் 'தோம்பு' என்றால் காணிகளையும் அவற்றுக்கு உரியவர்களையும் எழுதிவைத்த அரசாங்கப் பேரேடு. போர்த்துக்கேயச் சொல்லான 'தொம்போ'தான் இதன் மூலம். லிஸ்பனில் உள்ள போர்த்துக்கல் தேசிய ஆவணக் காப்பகம் இன்றும் 'தொம்போக் கோபுரம்' என்றே அழைக்கப்படுகிறது. 1755 நிலநடுக்கத்தில் கோபுரம் இடிந்த பிறகும் பெயர் நிலைத்துவிட்டது. தமிழில் இச்சொல் பெற்ற வடிவமே அது வந்த வழியைச் சொல்கிறது. ஆங்கிலேயர் வாய்வழி வந்திருந்தால் டிக்கெட், டவுன் போல டகரத்தில் தொடங்கியிருக்கும். ஆனால் இது போர்த்துக்கேயத்திலிருந்து வந்த துவாய் போலத் தகரத்தில் தொடங்குகிறது. அதே வழியில் வந்த சப்பாத்தைப் போல உகரத்தில் முடிகிறது. இப்பேரேடுகளில் நம் கைக்கு எட்டுபவை பெரும்பாலும் ஒல்லாந்தர் எழுதியவைதானே, சொல்லும் அவர்களுடையதாக இருக்கலாமே என்று கேட்கலாம். ஒல்லாந்தர் தமக்கு முன் ஆண்டவர்களின் சொல்லையே எடுத்தாண்டனர்.

சொல் வெளியிலிருந்து வந்தது என்பதால் கணக்கும் வெளியிலிருந்து வந்தது என்று கொள்ளக் கூடாது. கோட்டை இராச்சியத்தில் போர்த்துக்கேயர் தோம்பு எழுதியபோது, அங்கே முன்பே இருந்த 'லேகம் மிட்டி' என்னும் ஓலைக் கணக்குகளை வைத்தே எழுதினர். யாழ்ப்பாணம் 1619இல் போர்த்துக்கேயரிடமும் 1658இல் ஒல்லாந்தரிடமும் விழுந்தது. ஒல்லாந்தர் காலத்தில் தோம்பு இரண்டாகப் பிரிந்தது. ஒன்றில் குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள், அவர்களுடைய சாதி, செய்யவேண்டிய ஊழியம்; மற்றதில் அவர்களுடைய காணிகள், அவை வந்த வழி, நிற்கும் தென்னை, பலா, கமுகு மரங்களின் எண்ணிக்கை. காணிக் கணக்கில் குடும்பம் எதற்கு? வரியும் ஊழியமும் குடும்பத்தின் வழியே வசூலானதால்தான். தோம்பு வம்சாவளி அல்ல, கடமைப் பட்டியல். பரம்பரை தேடுபவர் முதலில் மனத்தில் நிறுத்தவேண்டியது இதைத்தான்.

வரிக்காக எழுதிய கணக்கை எப்படி நம்புவது என்பது நியாயமான கேள்வி. அதிகாரிக்கு முன் மரத்தைக் குறைத்துச் சொல்லவும் வயதை மாற்றிச் சொல்லவும் எவருக்கும் காரணம் இருந்தது. ஆனால் உறவை மறைப்பது அத்தனை எளிதல்ல. நாளை அந்தக் காணியில் பங்கு கேட்கவேண்டிய பிள்ளையின் பெயர் கணக்கில் இல்லாவிட்டால் நட்டம் குடும்பத்துக்கே. எனவே எண்களை ஐயத்தோடும் உறவுகளை ஓரளவு நம்பிக்கையோடும் படிப்பதே முறை என்பது என் முடிவு. சாதியும் ஊழியமும் ஆட்சியாளர் தம் தேவைக்கு வகுத்த கட்டங்களில் எழுதப்பட்டவை. அவற்றை முன்னோரின் பெருமையாகவோ சிறுமையாகவோ எடுத்துக்கொள்வது கணக்கைத் தவறாகப் படிப்பதாகும்.

ஆட்பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடுபவர் விரைவில் வழி தவறுவார். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் ஒரே பெயர் தலைமுறைதோறும் திரும்பத் திரும்ப வரும். காணிப் பெயர் அப்படிக் குழப்பாது. யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் பெயர் உண்டு. கலட்டி, அடைப்பு, வளவு என்று முடியும் அப்பெயர்கள் உடையவர் மாறினாலும் உறுதிகளில், அதாவது காணிப் பத்திரங்களில், தொடர்ந்து வருகின்றன. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் காணிக் கைமாற்றத்துக்கு நொத்தாரிசு உறுதி வேண்டும் என்றாக்கியதால், அதன்பின் வந்த உறுதிகளைப் பின்னோக்கித் தொடர முடியும். தோம்பு வரை போவதற்கு இதுவே பாலம். இந்தப் பாலத்தில் தாய்வழியையும் விடக் கூடாது. 1707இல் சட்டமான தேசவழமை என்னும் யாழ்ப்பாண வழக்குச் சட்டத்தில் பரம்பரைச் சொத்தான முதுசம் ஒரு வழி, சீதனம் இன்னொரு வழி. சீதனக் காணி தாயிடமிருந்து மகளுக்குப் போகும். தகப்பன் பெயரை மட்டும் தொடர்ந்தால் பாதிக் குடும்பம் கண்ணிலேயே படாது.

ஒல்லாந்தர் காலத் தோம்புகள் கொழும்பில் தேசிய சுவடிக்கூடத்தில் இருக்கின்றன. ஆனால் உள்நாட்டுப் போரிலும் இடப்பெயர்விலும் வீட்டு உறுதிகள் பல அழிந்துவிட்டன. உறுதி எஞ்சியிருந்தால் அதில் உள்ள காணிப் பெயரையும் நான்கு எல்லைகளையும், உறுதி இல்லையென்றால் முதியவர்களுக்கு நினைவிருக்கும் பெயரையும் இப்போதே எழுதி வையுங்கள்.