டிஜிட்டல் பல் எக்ஸ்ரே

பல், வேர், தாடை எலும்பு ஆகியவற்றைப் பிலிம் இல்லாமல் உணரி கொண்டு கணினித் திரையில் காட்டும் முறை. எக்ஸ் கதிர் கண்டறியப்பட்ட சில வாரங்களில், 1896 ஜனவரியில், ஜெர்மானியப் பல் மருத்துவர் ஓட்டோ வால்கோஃப் தம் பற்களையே படமெடுத்தார். அதற்கு 25 நிமிடம் கதிர் பாய்ந்தது. இன்று ஒரு நொடிகூட ஆவதில்லை. பிரான்சில் 1980களில் உருவான ஆர்.வி.ஜி. கருவியின் பெயரே, வாய்க்குள் உணரி வைத்து எடுக்கும் சிறு படத்துக்கு நம் மருத்துவமனைகளில் நிலைத்துவிட்டது. இரு தாடையும் முழுதாகத் தெரிவது ஓ.பி.ஜி.

பல்லிடுக்குச் சொத்தை, வேர்நுனிச் சீழ், முளைக்காத ஞானப்பல் இவற்றைக் காண இது உதவும். எல்லாவற்றுக்கும் அல்ல: திண்டுக்கல் மாவட்டத்தில் நிலத்தடி நீரின் புளோரைடால் பல்லில் படியும் பழுப்புக் கறையை அறியக் கண்ணே போதும்.

ஆர்.வி.ஜி. படம் ஒன்றின் கதிரளவு சில மைக்ரோசீவர்ட்; ஓ.பி.ஜி.க்குப் பெரும்பாலும் 10–25. இயற்கையிலிருந்து மனிதர் பெறுவது, உலகச் சராசரியில், ஆண்டுக்குச் சுமார் 2,400. முப்பரிமாண ஸ்கேனான சி.பி.சி.டி.யின் அளவு பன்மடங்கு கூடுதல். தேவை உறுதியானால் மட்டுமே எடுக்கத்தக்கது. படம் உடனே தெரிவதால் சரியில்லை என்று திரும்பத் திரும்ப எடுக்கும் பழக்கம், டிஜிட்டல் மிச்சப்படுத்தியதைச் செலவழித்துவிடும்.

இந்தியாவில் இக்கருவிகளை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கண்காணிக்கிறது. கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவசரப் படத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. கதிர்க்கற்றையைக் குறுக்குவதே முக்கியம் என்று கூறி, ஈய மேலங்கி தேவையில்லை என அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024-இல் பரிந்துரைத்தது.