கோட்டை போனது, கணக்கேடு நின்றது

1560இல் போர்த்துக்கேயர் நல்லூரைத் தாக்கியபோது, சங்கிலி மன்னன் கோப்பாய்க் கோட்டைக்குப் பின்வாங்கினான் என்பது வரலாறு. 1619இல் அரசே வீழ்ந்தது. ஆனால் அந்த அரசின் நிருவாகம் வீழவில்லை.

மன்னர் காலத்தில் கோப்பாய் அடங்கும் வலிகாமம் போன்ற பிரிவுகளுக்கு முதலியார்கள் இருந்தனர். அவர்களுக்குக் கீழே உடையார், கணக்கப்பிள்ளை, தலையாரி. யாருடைய காணி எவ்வளவு, யார் என்ன இறுக்க வேண்டும் என்பது இவர்களுக்கே தெரியும். ஆகவே போர்த்துக்கேயரும் 1658இல் வந்த ஒல்லாந்தரும் இவர்களையே வைத்துக்கொண்டு, காணிகளைத் தோம்பில் பதிந்தனர். வாள் மாறியது, எழுத்தாணி மாறவில்லை.

எங்கட ஆக்களும் ஒல்லாந்தர் ஏட்டில் இருந்தார்கள். எப்படி? ஊழியம் செய்ய வேண்டியவர்களாக. உடலுழைப்பு, இல்லையேல் பணம். பதிவு அங்கே பிடித்துக் கட்டும் கயிறு.

பதிவேடு வேறு விதமாகவும் இருக்கலாம் என்பதற்கு எங்கட வரலாற்றிலேயே சான்று உண்டு. ஹஸ்ரத் உமர் (ரழி) தமது ஆட்சியில் 'திவான்' என்ற பதிவேட்டை ஏற்படுத்தினார்கள். கருவூலத்திலிருந்து யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதற்கான ஏடு அது. முதலில் பால்குடி மறந்த பிள்ளைகளுக்கே கொடுப்பனவு இருந்தது. அதைப் பெறத் தாய்மார் முந்தியே பால் மறக்கடிப்பதை அறிந்ததும், பிறந்த நாளிலிருந்தே கொடுக்க உத்தரவிட்டார்கள் என்று அறிவிப்பு உண்டு. ஏடு மனிதனுக்காகத் திருத்தப்பட்டது.

1963இல் விதானைப் பதவி நீங்கி கிராம சேவகர் வந்தார். ஆனாலும் யாழ்ப்பாணத்துச் சனம் இன்றும் "விதானையாரிட்டைக் கடிதம் எடுத்தனீங்களோ?" என்றுதான் கேட்கிறது. 1990 ஒக்டோபரில் இரண்டே மணிநேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுத் துரத்தப்பட்ட எங்கட சனத்துக்கு அந்தக் கேள்வி எளிதல்ல. உறுதியை எடுக்க நேரமிருக்கவில்லை. திரும்பி வந்தால் முதலில் கேட்பது உறுதியைத்தான்.

கோட்டையை இழந்த மன்னனுக்குக் கிடைக்காத நீடிப்பு ஏட்டுக்குக் கிடைத்தது. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் எஞ்சியிருக்கும் பழைய உறுதி, நிக்காஹ் பதிவு, பள்ளிவாசல் கணக்குக் கொப்பி எதையும் குப்பை என்று எறியாதீர்கள். பிரதி எடுத்து வையுங்கள். எங்கட வரலாற்றை எங்கட ஏட்டிலிருந்தும் எழுத வேண்டும்.