வாசலில் உறங்கும் குழந்தை

1997 மே மாதத்தில் ஒரு மாலை. நியூயார்க் நகரின் ஈஸ்ட் வில்லேஜ் பகுதியில் உள்ள ஓர் உணவகத்திற்கு டென்மார்க்கைச் சேர்ந்த நடிகை ஒருவர் தம் குழந்தையின் தந்தையுடன் வந்தார். பதினான்கு மாதப் பெண்குழந்தை வண்டியில் இருந்தது. வண்டியை வெளியே நடைபாதையில் நிறுத்திவிட்டு, கண்ணாடிச் சாளரத்தை ஒட்டிய மேசையில் இருவரும் அமர்ந்தனர். தாய்க்கும் சேய்க்கும் இடையே இருந்தவை சில அடித் தொலைவும் ஒரு கண்ணாடியும்தான். குழந்தையை உள்ளே கொண்டுவருமாறு உணவகத்தார் கேட்டுக்கொண்டதாகச் சொல்லப்பட்டது; தாய் அதற்கு அவசியம் காணவில்லை. காவல்துறைக்குச் செய்தி போயிற்று. பெற்றோர் இருவரும் கைதாயினர். குழந்தை நான்கு நாள் அந்நியர் பராமரிப்பில் வைக்கப்பட்டது.

கோபன்ஹேகனில் ஒவ்வொரு தாயும் அன்றாடம் செய்வதைத்தான் தாமும் செய்ததாக அந்தப் பெண்மணி கூறினார். அது உண்மையே. டென்மார்க்கின் தேநீர்க் கடைகளின் வாசலில் குழந்தை வண்டிகள் வரிசையாக நிற்பதும், உள்ளே தாய்மார் உரையாடிக்கொண்டிருப்பதும் அந்நாட்டாருக்கு வியப்பூட்டும் காட்சி அல்ல. குற்றச்சாட்டு பின்னர் கைவிடப்பட்டது. அவர் நகர நிர்வாகத்தின்மீது தொடுத்த வழக்கில், கைது செய்தது தவறன்று என்றே 1999இல் ஜூரிகள் முடிவுகட்டினர். காவலில் நடத்தப்பட்ட விதத்துக்காக மட்டும் அறுபத்தாறாயிரம் டாலர் அளவில் ஈடு வழங்கினர்.

இந்நிகழ்ச்சியைக் குறித்து அன்று எழுதியவர்களுள் பெரும்பாலோர், டேனியர் பிறரை நம்புகிறவர்கள், அமெரிக்கர் பிறரை அஞ்சுகிறவர்கள் என்று இரண்டே சொற்களில் தீர்ப்பளித்துவிட்டனர். இவ்விளக்கம் நமக்கு நிறைவளிக்கவில்லை. ஒரு சமூகத்தின் நம்பிக்கையும் அச்சமும் அதன் இரத்தத்தில் ஊறி வருபவை அல்ல. அவற்றுக்கும் பிறந்த தேதி உண்டு. அதே நியூயார்க்கின் பழைய ஏடு ஒன்றைப் புரட்டினாலே இது விளங்கும்.

பிற்காலத்தில் குடியரசுத் தலைவரின் துணைவியாராக உலகப் புகழ்பெற்ற எலினோர் ரூஸ்வெல்ட், 1906இல் தம் மூத்த குழந்தையைப் பெற்றபோது நியூயார்க்கின் கிழக்கு 36ஆம் தெருவில் வாழ்ந்தார். மேற்சொன்ன உணவகத்துக்கு அது இரண்டு மைல் தொலைவுகூட இராது. குழந்தைக்குத் தூய காற்று வேண்டும் என்று கேட்டிருந்த அந்த இளந்தாய், கம்பிவலை அடித்த ஒரு பெட்டியைச் சாளரத்துக்கு வெளியே தொங்கவிட்டு, அதில் குழந்தையை உறங்க வைத்தார். அழுகுரல் கேட்டுப் பொறுக்காத அண்டை வீட்டுக்காரர், சிறார் வதைத் தடுப்புச் சங்கத்திடம் புகார் செய்வதாக மிரட்டினார். தம்மை மிக நவீனமான தாய் என்று எண்ணியிருந்த எலினோர் திகைத்துப்போனதாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவுசெய்திருக்கிறார்.

அவருடைய எண்ணம் தவறும் அன்று. அன்றைய அமெரிக்காவின் புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் லூதர் எம்மெட் ஹோல்ட், 1894இல் வெளியிட்ட தம் தாய்மார் கையேட்டில், சிசுக்களைக் காற்றாட வைப்பதை ஒரு சிகிச்சை முறைபோலவே விதித்திருந்தார். காசநோய் வீட்டுக்கு வீடு உயிர் குடித்த காலம் அது. மூடிய அறையின் காற்றைவிடத் தெருவின் குளிர்காற்று மேல் என்பது அன்றைய மருத்துவத்தின் துணிபு. 1930களில் இலண்டனில்கூட, தோட்டமற்ற அடுக்குமாடி வீடுகளின் சாளரங்களில் குழந்தைக் கூண்டுகள் தொங்கின. ஆக, குழந்தையை வெளியே கிடத்தும் வழக்கம் வடபுலத்து மக்களுக்கே உரிய தனிக்குணமாக இருந்ததில்லை.

வடபுலத்தில் அது நிலைத்தது எங்ஙனம்? பின்லாந்தில் இதற்கு ஒரு பெயரையே சுட்ட முடியும். 1887இல் பிறந்து 1992 வரை, நூற்று நான்கு ஆண்டுகள் வாழ்ந்த குழந்தை மருத்துவர் அர்வோ உல்ப்போ. அவர் பணியைத் தொடங்கிய காலத்தில் அந்நாட்டில் பிறந்த குழந்தைகளுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்று முதலாண்டு நிறைவதற்குள் இறந்தது. சூரிய ஒளியும் வெளிக்காற்றும் கணைச்சூட்டைத் தடுக்கும், உடலை உரமாக்கும் என்று அவர் தாய்மாரிடம் ஓயாது வலியுறுத்தினார். 1922இல் ஹெல்சிங்கியில் தொடங்கப்பட்ட இலவசத் தாய்சேய் ஆலோசனை நிலையங்கள் வழியாக அந்த அறிவுரை சிற்றூர்கள்வரை பரவிற்று. மருத்துவர் சொல் பாட்டியின் சொல்லாயிற்று. பாட்டியின் சொல் மரபாயிற்று. காசநோய் ஒழிந்த பிறகும் மரபு மட்டும் நின்றது. இன்றும் உறைபனிக் காலத்தில் கம்பளி போர்த்திய சிசுக்கள் முற்றத்தில் பகலுறக்கம் கொள்கின்றன. இதனோடு மிக எளிய காரணம் ஒன்றும் உண்டு: டேனியரின் குழந்தை வண்டி தொட்டிலளவு பெரியது; பழைய தேநீர்க் கடைகளின் குறுகிய வாசலில் அது நுழையாது!

வடபுலத்தாரை இதனால் குழந்தை வளர்ப்பின் ஆசான்களாக உயர்த்திப் பேசுவோரையும் நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் நார்வேயின் ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர வேண்டும். 2011இல் அந்நாட்டின் குழந்தை நலத்துறை, ஸ்டவாங்கர் நகரில் வாழ்ந்த இந்தியக் குடும்பம் ஒன்றின் இரு குழந்தைகளைப் பிரித்தெடுத்தது. கையால் உணவூட்டியதும் குழந்தையைத் தம்முடன் படுக்கவைத்ததும் தங்கள்மீது சுமத்தப்பட்ட குறைகளுள் அடங்கும் என்று பெற்றோர் கூறினர். அதிகாரிகள் அதை ஏற்கவில்லை. இந்திய அரசு தலையிட்ட பின்னர், 2012இல் குழந்தைகள் சிறிய தந்தையிடம் ஒப்படைக்கப்பட்டுத் தாயகம் திரும்பினர். குழந்தையைத் தனியே குளிரில் உறங்கவிடும் தாயிடம் குறை காணாத நாடு, குழந்தையை அணைத்துக்கொண்டு உறங்கும் தாயை ஐயுற்றது என்றே நம்மவர் அன்று புரிந்துகொண்டனர்.

நிற்க. தனியே விடப்படும் குழந்தையைப் பற்றிய அச்சம் எப்போது பிறந்தது என்பதற்கு இங்கிலாந்தில் அரிய சான்று ஒன்று இருக்கிறது. மேயர் ஹில்மனும் அவர்தம் துணையாய்வாளர்களும் 1971இலும் 1990இலும் ஒரே வகையான கேள்விகளைப் பள்ளிகளில் கேட்டனர். ஏழெட்டு வயதுச் சிறார்களுள் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குச் சென்றவர் 1971இல் நூற்றுக்கு எண்பது பேர். 1990இல் ஒன்பது பேர். அதே காலத்தில் சாலை விபத்தில் இறந்த சிறார் தொகை பாதியாகக் குறைந்திருந்தது. அரசு அதைச் சாலைப் பாதுகாப்பின் வெற்றி என்று கொண்டாடியது. ஹில்மன் குழுவினரோ, சாலை பாதுகாப்பானதால் அன்று, சாலையிலிருந்து குழந்தைகள் அகற்றப்பட்டதால் வந்த குறைவு அது என்று எடுத்துக்காட்டினர். மோட்டார் வண்டி வென்றது. குழந்தை வீட்டுக்குள் போயிற்று. இங்கிலாந்தின் கடைவீதிகளில் வரிசையாக நின்ற குழந்தை வண்டிகள் மறைந்ததும் ஏறக்குறைய இந்தத் தலைமுறையில்தான்.

அமெரிக்காவில் அச்சத்துக்கு ஒரு முகமும் கிடைத்தது. 1979 மே 25 அன்று நியூயார்க்கில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன், பள்ளிப் பேருந்து நிறுத்தத்துக்கு முதன்முறையாகத் தனியே நடந்து சென்றான், திரும்பவே இல்லை. 1983இல் அந்நாள் காணாமற்போன குழந்தைகளின் தேசிய நாளாக அறிவிக்கப்பட்டது. 1984 முதல் காணாமற்போன சிறாரின் படங்கள் பால் அட்டைப் பெட்டிகளில் அச்சேறின. காலைதோறும் உணவு மேசையில் அந்த முகங்களைக் கண்டு வளர்ந்த தலைமுறையே 1997இல் அந்த நடைபாதையில் சென்றது. முன்பின் அறியாதவரால் கொடிய முறையில் கடத்தப்பட்ட சிறாரின் தொகை 1999ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 115 என்று அமெரிக்க நீதித்துறையின் ஆய்வு மதிப்பிட்டது. வீட்டைவிட்டு ஓடியவர்களும், பிரிந்த பெற்றோருள் ஒருவரால் கொண்டுசெல்லப்பட்டவர்களுமே காணாமற்போனோரில் மிகப் பலர். எனினும் ஒரு குழந்தையை இழந்த வீட்டுக்கு எண்கள் ஆறுதல் ஆகா. அந்த அச்சத்தை எள்ளி நகையாட நமக்கு மனம் வரவில்லை.

நம் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. தனியே இருக்கும் குழந்தையைக் காணும் வழிப்போக்கனுக்கு என்ன கடமை? இந்தக் கேள்வியை நம் முன்னோர் மிக விரிவாகவே ஆராய்ந்துள்ளனர். ஃபிக்ஹு நூல்களில் ‘லகீத்’ என்னும் தனிப் பாடமே உண்டு. காப்பார் இன்றிக் கிடக்கும் குழந்தையை எடுப்பது சமுதாயத்தின் கூட்டுக் கடமை, ஃபர்ளு கிஃபாயா, என்பது ஷாஃபிஈ மத்ஹபின் முடிவு. எடுக்காவிடில் குழந்தை அழிந்துபோகும் என்ற நிலையில் ஹனஃபி அறிஞர்களும் அதைக் கட்டாயக் கடமையாக்குகின்றனர். கண்டவர் எவரும் எடுக்காமல் போனால் பழி ஊர் முழுவதையும் சேரும்.

இச்சட்டம் பிறரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய வெள்ளையுள்ளத்தில் பிறந்தது என்று கருதிவிடக் கூடாது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு செய்தி வருகிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஸுனைன் அபூ ஜமீலா என்பவர், விடப்பட்டுக் கிடந்த ஒரு குழந்தையைக் கண்டெடுத்துக் கலீஃபாவிடம் கொண்டுவந்தார். இதை ஏன் எடுத்தாய் என்பதே கலீஃபாவின் முதற்கேள்வி. அழிந்துவிடும் நிலையில் கண்டதால் எடுத்ததாக அவர் விடையிறுத்தார். அவர் நல்லவர் என்று குலத்துப் பொறுப்பாளர் சான்று கூறிய பின்னரே, குழந்தை சுதந்திரமானது என்றும், வளர்ப்புச் செலவு தம் பொறுப்பு என்றும் உமர் (ரலி) அறிவித்தார்கள். ஐயம் அங்கேயும் இருந்தது! குழந்தையை எடுப்பவர் சாட்சிகளை வைத்தே எடுக்க வேண்டும் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் விதிப்பதும் இந்த ஐயத்தால்தான். ஆனால் வழிப்போக்கன்மீது எழுந்த ஐயம் அவனைக் கடமையிலிருந்து விடுவிக்கவில்லை. அவனைப் பலரறியப் பதில் சொல்லக் கடமைப்பட்டவனாக்கியது.

லகீத் என்பது கைவிடப்பட்ட குழந்தை. தாயின் கண்ணெதிரே வண்டியில் உறங்கும் குழந்தை அதுவன்று. இவ்வேறுபாட்டை நாம் மறக்கவில்லை. அன்றாட வாழ்வைப் பொறுத்தவரை மதீனாவின் தெருக்கள் சிறாருக்கு அந்நியமாக இருந்ததில்லை. ஏவல் ஒன்றுக்காக அனுப்பப்பட்ட சிறுவர் அனஸ் (ரலி), கடைத்தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் வந்து நின்றதும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பின்னாலிருந்து அவரது பிடரியைப் பற்றிச் சிரித்ததும் முஸ்லிம் தொகுப்பில் பதிவாகியுள்ளன. அந்தி சாயும் நேரத்தில் குழந்தைகளை வெளியே விடாமல் தடுத்துக்கொள்ளுமாறும், சிறிது பொழுது கழிந்த பின் விட்டுவிடலாம் என்றும் அதே நபிமொழித் தொகுப்புகள் அறிவுறுத்துகின்றன. விடுவதற்கும் ஒரு நேரம், பிடிப்பதற்கும் ஒரு நேரம்.

1997இன் நியூயார்க்கிற்கு மீள்வோம். அந்த நடைபாதையில் குழந்தையைக் கண்டவர்களுள் இரக்கமற்றவர் எவரும் இருந்திருக்க மாட்டார். ஆயினும் அவர்களுக்கு நகரம் கற்றுத்தந்திருந்த கடமை ஒன்றே ஒன்று: காவல்துறையை அழைப்பது. கண்ணாடிக்கு உள்ளேயிருந்த தாயோடு பேசித் தீர்த்திருக்க வேண்டிய ஒன்று, கைவிலங்கில் போய் முடிந்தது. தெருவில் செல்வோர் அனைவரும் ஐயத்துக்குரியவர் என்றானபின், குழந்தைக்குக் காவல் பெற்றோர் இருவரே. அவர்கள் சற்றே விலகினாலும் குற்றவாளிகள். கோபன்ஹேகனின் தாய் வண்டியை விட்டுச் செல்வது வெற்று வெளியில் அன்று. அங்கே பிற தாய்மாரும் வழிப்போவோரும் கேட்காமலே காவலுக்கு நிற்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

அமெரிக்காவிலும் மறுசிந்தனை எழாமல் இல்லை. 2018இல் யூட்டா மாநிலம், குழந்தை தனியே பள்ளிக்கு நடப்பதையோ பூங்காவில் விளையாடுவதையோ பெற்றோரின் அலட்சியமாகக் கருதலாகாது என்று முதன்முதலாகச் சட்டம் இயற்றியது. வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. எனினும் யூட்டாவின் சட்டம், தன்னைத்தான் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு வயதும் முதிர்ச்சியும் வந்த குழந்தைகளையே குறிக்கிறது. வண்டியில் உறங்கும் பதினான்கு மாதச் சிசு அதில் அடங்காது. பெற்றோருக்கு உரிமை தந்த அந்தச் சட்டத்தில் வழிப்போக்கனைப் பற்றிப் பேச்சே இல்லை.